மீசை அளவு கறுப்பு

சயானில் தண்டவாளம் மூழ்கிய புதன்கிழமை
ரயில்வே போலீஸ் கொண்டுவந்து சேர்த்த ஆள்.
படிவத்தில் பெயருக்கான கட்டத்தில்
'ஆண், சுமார் முப்பது.'
கூடவே வந்தது எட்டு மில்லி ரத்தம்.
ராத்திரி முழுக்க இன்குபேட்டரில் இருந்து
விடியும்போது கலங்கியிருந்தது.

ஒரு சொட்டைக் கண்ணாடியில் பரப்பிச் சுடரில் காட்டினேன்.
ஊதா ஊற்றி, அயோடின் ஊற்றி,
ஆல்கஹாலில் கழுவும்போதுதான் குணம் தெரியும்:
பிடித்துக்கொள்கிறதா, விட்டுவிடுகிறதா.
இது விட்டுவிட்டது.
பிறகு கிடைத்த சாஃப்ரானின் சிவப்பை உடுத்திக்கொண்டு
லென்ஸுக்கடியில் சிதறிக் கிடந்தது,
யாரோ தட்டிவிட்ட சோம்பு மாதிரி.

கிராம் நெகட்டிவ் என்று வார்டுக்குப் போன் செய்தேன்.
"பெயர் என்ன?" என்றார் டாக்டர் மஸ்கரேனஸ்.
யாருடைய பெயர் என்று நான் கேட்கவில்லை.

வெள்ளி. மெக்கான்கி தட்டில் வெளிறிய புள்ளிகள்.
லாக்டோஸ் வேண்டாமாம் துரைக்கு.
குழாய்க்கு ஒரு கேள்வியாகக் கம்பியால் குத்தி வைத்து
முப்பத்தேழு டிகிரியில் பூட்டிவிட்டுக் கிளம்பினேன்.

பதின்மூன்று வருடமாக அதே பெண்கள் பெட்டி.
ஏறியதும் எங்கே இறங்குவாய் என்பார்கள்,
என் இருக்கையைப் பிடிக்க.
அவர்களுக்கு நான் டோம்பிவிலி.
நிஜப்பெயர் யாருக்கும் தேவைப்பட்டதில்லை.

சனி.
இண்டோல்: சிவப்பு வளையம் இல்லை.
யூரியா: ரோஸ் இல்லை.
சிட்ரேட் பச்சை பச்சையாகவே.
வாயுக்குமிழி ஒன்றுகூட இல்லை.
"இத்தனை இல்லையா, கல்யாணத்துக்கு வந்த மாப்பிள்ளையா இது?"
சிரித்தாள் சுனந்தா வாக்மாரே.
மூன்று சர்க்கரைக் குழாயில் மட்டும்
மேலே சிவப்பு, கீழே மஞ்சள்,
இரண்டும் சேருமிடத்தில்
பதினாறு வயதுப் பையனின் மீசை அளவு
கறுப்பு.

ஆன்டிசீரம் ஒரு சொட்டு விட்டேன்.
பால் திரிவதுபோலத் திரிந்தது.
டைஃபாய்டு.

பதிவேட்டில் முழுப்பெயரும் எழுதினேன்,
எழுதிய கையோடு
தட்டுகளையும் குழாய்களையும் ஆட்டோகிளேவில் அடுக்கினேன்.
நூற்றிருபத்தொரு டிகிரி, பதினைந்து நிமிடம்.
வீட்டுக்குப் போகும்வரை கையில் அந்த வெந்த நாற்றம்.

அடுத்த வியாழன் இரண்டாவது ரத்தம் வந்தது.
காய்ச்சல் இறங்கிவிட்டதாம்,
சிஸ்டர் பேனா கொடுத்தாராம்.
'ஆண், சுமார் முப்பது' மேல் ஒரு கோடு,
அதற்குக் கீழே கை நடுங்கி
உருண்டை உருண்டையாக ஆறேழு எழுத்து.
ஒடியாவாக இருக்கும் என்கிறாள் சுனந்தா.

பாட்டிலை உள்ளே வைத்துவிட்டு
படிவத்தோடு மாடி மாடியாக ஏறிக்கொண்டிருக்கிறேன்,
வாசிக்கத் தெரிந்தவர் யாராவது உண்டா என்று.