புற ஊதா

ஞாயிறு இரண்டு முறை தேய்த்துக் குளித்தேன்.
பகலில் ஒன்றும் தெரியவில்லை.
திங்கள் இரவு, ஓசூர் சிப்காட்,
மூன்றாவது ஷிஃப்ட்,
ஊதா விளக்கின் கீழே
சர்க்யூட் போர்டை நீட்டியபோது
கையுறைக்கும் கோட்டுக்கும் நடுவே
மணிக்கட்டில் எரிந்தது
பச்சையாய் ஒரு மீன்.

'என்னக்கா அது?' என்றாள் முனிலட்சுமி.

வேலை இதுதான்:
மேல்பூச்சு விழுந்த இடம் நீலமாய் ஒளிரும்,
ஒளிராத இடம் பிழை.
நான்கு வருடம் பி.இ. படித்துவிட்டு
ராத்திரிக்கு ஆயிரத்து நூறு தடவை
இதை மட்டும் சொல்கிறேன்.
கழுத்தில் மஞ்சள் நாடா, ஒப்பந்தம்.
நிரந்தரத்துக்குச் சிவப்பு.

சனிக்கிழமை கோரமங்களாவில்
வாசல்காரன் குத்திய மீன் அது.
ஜோடிக்கு இலவசம் என்றான்.
பிரணவ் என் தோளில் கைபோட்டுக் காட்டினான்.
உள்ளே நண்பர்களிடம்,
'இவளும் பெங்களூர்தான்.'
முப்பத்தைந்து கிலோமீட்டரை
ஒரு 'தான்' விழுங்கிவிட்டது.

அறுநூற்றைம்பது ரூபாய்க் கோப்பையில்
மாம்பழம் வந்தது.
முதல் வாயிலேயே தெரிந்தது, பெங்களூரா.
பேர்தான் பெங்களூரா,
காய்ப்பது எங்கள் கிருஷ்ணகிரியில்.
அவன் அப்பாவின் கூழ் ஆலையில்
மூன்று மாதம்
அம்மா அதைத்தான் தோல் சீவுகிறாள்.
ஆவணி பிறந்தும்
மாம்பால் பட்ட விரலிடுக்கு ஆறாது.

பாட்டுச் சத்தத்தில்
ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன்.
'என்ன?' என்று காதைக் கொண்டுவந்தான்.
அவ்வளவு பக்கத்தில் அந்தக் காது
அழகாக இருந்தது.
'நல்லாருக்கு' என்றேன்.

ஒன்றரை மணிக்கு ஜூஜூவாடியில் இறக்கிவிட்டான்.
ஊருக்குள் வந்தால்
காரைத் திருப்ப இடம் கிடைக்காதாம்.
தூங்கும் லாரிகளைத் தாண்டி ஷேர் ஆட்டோ.
ராயக்கோட்டை ரோட்டில்
மூடப்போன கடையில் கொத்து பரோட்டா,
தொண்ணூறு ரூபாய், என் காசு.
அவ்வளவு நேரமும் பசித்திருந்தது
அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

போன் லாக்கரில் கிடக்கிறது.
அடுத்த சனி வருகிறாயா என்று
கேட்டிருப்பான். கேட்டிருக்கலாம்.

முனிலட்சுமி போர்டை ஒதுக்கிவிட்டு
என் கையை விளக்கில் திருப்புகிறாள்.
மீனுக்குப் பாதி வால் இல்லை.
'சரியாப் படலக்கா,' என்கிறாள்
வேலைப் பழக்கத்தில்.

'ரிஜெக்ட்டா?'

அவள் யோசிப்பதற்குள்
அடுத்த போர்டு வந்துவிட்டது.