தோல்முட்டை

கார்த்திகை மழை விட்ட ஒரு காலை
கூண்டுக்குள் கையை விட்டேன்.
வந்தது முட்டை இல்லை,
முட்டையின் உத்தேசம்.
ஓடில்லாமல், வெதுவெதுப்பாய்,
விரலிடுக்கில் வழுக்கி இறங்கப் பார்த்தது.
இட்டவள் தாசில்தார்.
கழுத்தை நிமிர்த்தி நடப்பாள், எவரையும் பார்க்கமாட்டாள்,
அதனால் அந்தப் பெயர்.
அன்று மட்டும் மூலையில்
லஞ்சம் வாங்கி மாட்டியவள்போல் நின்றாள்.

'சுண்ணாம்பு பத்தலக்கா' என்றான் தீவனக்கடைப் பையன்.
கிளிஞ்சல் பொடி, கால் கிலோ அறுபது ரூபாய்.
கடல் முடியும் தெருவில் குடியிருந்துகொண்டு
கிளிஞ்சலைக் காசுக்கு வாங்குவதா?

எண்ணூர் முகத்துவாரத்தில் ஒரு சாக்கு மட்டி ஓடு பொறுக்கினேன்.
மூன்று முறை கொதிக்கவைத்தேன்.
மூன்று முறையும்
தண்ணீர் சாம்பலாகத்தான் இறங்கியது.
வாசல் சேற்றில் கொட்டிவிட்டேன்,
மழைக்கு மிதித்து நடக்க ஆயிற்று.

பிறகு காசிமேடு.
எஸ்தர் அங்கே கணவாய் அறுக்கிறாள், கிலோ கணக்கில் கூலி.
சதை கப்பலேறும்.
ஓடு அவள் காலடியில்
ஆளில்லாத வெள்ளைத் தோணிகளாய்க் குவியும்.
'இதுக்கா இவ்ளோ தூரம் வந்த? அள்ளிக்கினு போ.'
உப்பு போக இரண்டு நாள் நல்ல தண்ணீரில் ஊறவேண்டும்.
நல்ல தண்ணீர்!
லாரி வருகிற நாளில் எட்டுக் குடம்,
அதில் ஒரு குடம் கணவாய்க்கு.
வீட்டுக்காரர் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.
துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு
குளிக்காமலே ஷிப்டுக்குப் போனார்.

கல் வேறு சங்கதி.
கோழிக்குப் பல் கிடையாது,
வயிற்றுக்குள் அம்மி.
அம்மிக்குக் கல் வேண்டும், இங்கோ தரையெல்லாம் சிமெண்ட்.
டோல்கேட் பக்கம் கட்டடம் எழும்பும் இடத்தில்
காவலுக்கு இருக்கும் சுதாமிடம் கேட்டேன்.
மிளகு, மிளகைவிடக் கொஞ்சம் பெரிசு என்று
விரலில் அளவு காட்டினேன்.
சிரித்தான். சலித்துக் கொடுத்தான்.
அவன் ஊரில் கோழியே போய்ப் பொறுக்கிக்கொள்ளுமாம்.

இரண்டு கிண்ணம்.
ஒன்றில் கரைவது, ஒன்றில் கரையாதது.
கலக்கக் கூடாது.
எது எவ்வளவு என்று அவற்றுக்குத் தெரியும்.
சேவல் ஓட்டை ஒரு கொத்து கொத்தி
எனக்கெதற்கு என்று கல்லுக்குப் போய்விட்டான்.

அடுத்த முறை போனபோது கடைப்பையன் சொன்னான்:
ஓடு கட்டுவது ராத்திரியில்தான்.
உள்ளே சுண்ணாம்பு இல்லையென்றால்
தன் எலும்பையே கரைத்து முட்டைக்குப் போடும்.
அவன் அதைச் சொல்லும்போது
என் இடது மணிக்கட்டு மாவுக்கட்டில் இருந்தது.
குழாயடியில் வழுக்கினேன், அவ்வளவுதான், பெரிய விழுகைகூட இல்லை.
ஸ்டான்லியில் டாக்டரம்மா
படத்தை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டே
'எத்தனை குழந்தை?' என்றாள்.
பெத்தது மூணு, இருக்கறது ரெண்டு.
மேலே ஒன்றும் கேட்கவில்லை. மாத்திரை எழுதினாள்.

வெள்ளையாய், நீளமாய்,
தொண்டையில் குறுக்கே படுக்கிற மாத்திரை.
ஒன்றை நசுக்கித் தாசில்தார் கிண்ணத்தில் வைத்தேன்.
தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் பார்த்தாள்,
மறு கண்ணாலும் பார்த்தாள்,
கணவாய்க்குப் போய்விட்டாள்.
சரி என்று மறுநாளிலிருந்து நானே விழுங்குகிறேன்.

ராத்திரி மூன்று மணிக்கு விழிப்பு வருகிறது.
துறைமுகத்தில் கண்டெய்னர் இறக்கும் சத்தம்.
கூண்டில் சத்தமே இல்லை.
அங்கேயும் ஷிப்டு நடக்கிறது.

மாவுக்கட்டு பிரித்த வாரம், பொங்கலுக்கு முன்னே,
வைக்கோலில் ஒன்று கிடந்தது.
ஓடு இருந்தது. மேலெல்லாம் சொரசொரவென்று
மணல் தூவினாற்போல் பருக்கள்.
'இப்ப ஜாஸ்தியாப் பூடுச்சுக்கா' என்றான் பையன்.
இடது கையில் வைத்து
மெல்ல, பிறகு கொஞ்சம் பலமாக, அழுத்திப் பார்த்தேன்.
இரண்டும் தாங்கின.

கீழ்வீட்டுப் பிலோமினாவுக்கு ஒன்று கொடுக்கவேண்டும்.
ஒரு மாதமாக விடியுமுன்னே
அவள் தலைக்குமேல்தான் ஓடு இடித்தேன்.