வரி

நான்தான் தட்டச்சு செய்தேன்.
அஞ்சலகத்துக்கு மேல்மாடி,
வெந்நீர்க் குழாய் நாளெல்லாம் இருமும் அறை.
மினசோட்டாவில் ஓர் இரும்புச் சுரங்க ஊர்.
எனக்கு இருபத்திரண்டு வயது.
ஆள் எடுக்கும் ஆணை
"வாழ்த்து" என்ற சொல்லோடுதான் தொடங்கும்.
அதை மாற்ற எனக்கு அதிகாரம் இல்லை.

அந்த வாரக் கட்டில்
ஆல்பின் ஸுபான்சிச்சுக்கு ஒன்று,
வெண்டல் ஹாகனுக்கு ஒன்று.
பல் மருத்துவரின் மகனுக்கும் ஒன்று இருந்தது.
அவன் கோணாத பல்லுக்குக் கம்பி கட்டிக்கொண்டான்.
கம்பி இருக்கும்வரை படை தொடாது.
இரண்டு வருடம்
வாய் நிறையச் சிரித்துக்கொண்டு திரிந்தான்.

ஆல்பின் பால் லாரியில் ஏறி
பிஜன் ஆற்றைத் தாண்டினான்.
அக்கரை கனடா.
அவன் அம்மாவின் தபால் பெட்டியில்
யாரோ சிவப்புச் சாயம் ஊற்றினார்கள்.
கடைக்காரர் கடன் தரவில்லை.
தேவாலயத்தில் அவள் அமர்ந்த பெஞ்சு
அவளுக்கு மட்டுமே ஆனது.

வெண்டல் போனான்.
சட்டைக் கையில் மூன்று வரியோடும்
மடங்காத ஒரு முழங்காலோடும் வந்தான்.
ஊர் தெருவில் நின்று கைதட்டியது. நானும்தான்.
பிறகு இயந்திரக் கம்பெனி, இரண்டு கிடங்கு,
பிறகு ஏதோ ஒரு வெயில் தீவில்
தலைமை அலுவலகம்:
ஒரு தபால் பெட்டி.
அதன் சாவி எங்கே என்று
அவருக்கே தெரியாது.
"ஏய்ப்பு இல்லை, தவிர்ப்பு" என்று
அவர் கணக்காளர் என்னைத் திருத்தினார்.
ஊர், "கெட்டிக்காரர்" என்றது.
எந்தப் பெட்டியிலும் யாரும் சாயம் ஊற்றவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை மீன் விருந்தில்
கேட்டேவிட்டேன்.
கால்சட்டையை முழங்கால்வரை தூக்கிக் காட்டினார்.
"என் பாக்கியை நெல்வயலில் கட்டிவிட்டேன், ஐலா."
அந்தத் தழும்புக்கு முன் என்னிடம் பேச்சு இல்லை.
அந்த ஆணையைத் தட்டியது இந்த விரல்தானே.
வீட்டுக்குப் போகும் வழியில்தான் பதில் தோன்றியது.
கிழக்குச் சாலையில் அன்று
பனி வழிக்கும் வண்டி வரவில்லை.
அரை மைல் நடந்தேன்.

மன்னிப்பு வந்தபோதும் ஆல்பின் வரவில்லை.
அம்மாவைப் புதைக்க வந்தான்.
நான் அப்போது நூலகத்தில்
இலவசமாக வரிப் படிவம் நிரப்பிக் கொடுப்பவள்.
ஒரு செருப்புப் பெட்டியை மேசையில் வைத்தான்.
பதினேழு வருடத் தாள்கள்.
சிறைக்கு அனுப்பக் காத்திருந்த நாட்டுக்கு
வருடம் தவறாமல் கணக்கு அனுப்பியிருக்கிறான்,
சில வருடம் பணமும்.
"எதுக்கு?" என்றேன்.
"போகமாட்டேன்னுதான் சொன்னேன்.
ரோடு வேண்டாம்னு சொல்லலையே."
"இந்தப் பணத்தில் குண்டும் வாங்கியிருப்பார்கள்."
"தெரியும்" என்று
பெட்டியின் ஓரத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தான்.

பிறகு கேட்டான்,
கேட்கக்கூடாது என்று நான் வேண்டிக்கொண்டதை:
"எனக்குப் பதிலா யாரு போனா?"

எண்ணிக்கை குறையக்கூடாது, அதுதான் விதி.
ஒருவன் விலகினால் அடுத்த எண்.
டோய்வோ லெஹ்தி, பத்தொன்பது வயது.
அதையும் நான்தான் தட்டினேன்.
அவன் பெயர் இப்போது பூங்காக் கல்லில் இருக்கிறது.
ஆல்பின் அங்கே போனானா, தெரியாது.
செருப்புப் பெட்டியை மறந்துவிட்டுப் போனான்.

அந்த வருடம்தான்
மாநிலம் மானியத்தை வெட்டியது,
மாவட்டம் வீட்டு வரியை ஏற்றியது.
விலகியவர்களின் தொகையை
எண்ணிக்கை குறையாமல் பிரித்தார்கள்
விலகத் தெரியாதவர்களுக்கு.
கடைசி நாளில், மாவட்ட அலுவலக வரிசையில்
எனக்கு முன்னால்
ஹில்யா லெஹ்தி, டோய்வோவின் அம்மா.
கையுறையைக் கழற்றி
நோட்டுகளை எச்சில் தொட்டு எண்ணினாள்.
சில்லறையையும்.

முதல் முறை அவளிடம் வாங்கியதற்கு
முக்கோணமாய் மடித்த ஒரு கொடி தந்தார்கள்.
இந்த முறை அவள் நகரவில்லை.
கண்ணாடித் துளைக்கு வாயைக் கொண்டுபோய்
ரசீது கேட்டாள்.