திருத்தச் சுற்று

உத்னாவின் மூன்றாவது சந்து.
கதவு நாற்பத்தொன்று.
சிவப்புச் சாயத்தில் எண் எழுதிவிட்டு
வீடா, கடையா, வேறா என்று தயங்கினேன்.
தறிக்கூடத்தின் உச்சியில் ஒரே நீளக் கூடம்.
மெஸ், என்றான்
படிக்கட்டில் பல் துலக்கிக்கொண்டிருந்தவன்.
படிவத்தில் மெஸ் இல்லை.

சூரத் மாநகராட்சிப் பள்ளியில்
ஆறாம் வகுப்புக்குப் பின்னம் நடத்துகிறவள் நான்.
பிப்ரவரியில் மட்டும்
முழு எண்களோடு அனுப்பிவிடுகிறார்கள்.

கீழே தறிகள் ஓடின.
தரையின் நடுக்கம் முழங்கால் வழியே ஏறி
பேனாவுக்கு வந்தது.
எழுதியது எதுவும் என் கையெழுத்தாக இல்லை.

குடும்பத் தலைவர் யார்?
கத்தினேன்.
காதை நம்பாமல் என் உதட்டைப் பார்த்தார்கள்.
ஒருவன் சமையல்காரரைக் காட்டினான்.
இன்னொருவன் சுவரில் இருந்த ஜகன்னாதரை.
அவரையும் சேர்த்துக்கோங்க பென்,
வாடகை தராம இருக்கிறது அவர் ஒருத்தர்தான்.

முப்பத்திரண்டு பாய்.
பாய்க்கு ஒரு தலை.
முப்பத்திரண்டு என்று எழுதி மூடப்போனேன்.
சிமாஞ்சல் சிரித்தான்:
இது ராத்திரி ஷிப்ட் மட்டும்.
சாயங்காலம் ஏழுக்கு வாங்க.

ஏழுக்குப் போனேன்.
எழுந்தவர்கள் இறங்க, இறங்கியவர்கள் ஏற,
படிக்கட்டில் தோள்கள் உரசின, பேச்சில்லை.
சூடு ஆறாத பாயில் வேறொரு முதுகு சாய்ந்தது.
ஒரே தலையணை,
இரண்டு தலையின் எண்ணெய்.
அறுபத்துநான்கு.
இதைத்தான் பிள்ளைகளுக்கு
அரைப் பாய் என்று கரும்பலகையில் போடலாம்;
அரை மனிதன் என்று
யாரும் எழுதிவிடாமல் இருந்தால்.

பெண்கள்: சுழி.
கூடத்தில் நின்ற ஒரே பெண்ணுக்கு
என் ஏட்டில் இடமில்லை.
அவள் கதார்காமில்,
வேறொருவர் ஏட்டில்,
கணவனுக்குக் கீழே இரண்டாம் வரி.

மணமானவரா? ஆம்.
சிமாஞ்சலின் குமுதினி கஞ்சாமில்.
இதே வாரம் அங்கேயும் ஒரு டீச்சர்
கதவைத் தட்டியிருப்பாள்.
வீட்டில் எத்தனை பேர் என்றதும்
குமுதினி முதலில் அவன் பெயரைத்தான் சொல்லியிருப்பாள்.
வெளியூரில் இருப்பவரைச் சேர்க்கக் கூடாது, விதி.
அந்த டீச்சர் சொன்னாளோ,
சொல்ல வாய் வராமல் எழுதிக்கொண்டாளோ.
இந்த நாட்டின் ஜனத்தொகையில்
ஓர் ஆள் கூடுதலாக இருந்தால்
அது அவன்தான்.

மார்ச் ஒன்று முதல் ஐந்து வரை திருத்தச் சுற்று.
பிப்ரவரி கடைசி நள்ளிரவுக்கு முன்
இறந்தவரை அடி, பிறந்தவரைச் சேர்.

பதினேழாம் பாய், பகல் ஷிப்ட்.
உதயநாத், இருபத்துமூன்று,
எழுதப் படிக்கத் தெரியும்.
இருபத்தாறாம் தேதி
மோட்டார் உறையைத் தொட்டிருக்கிறான்.
ஊருக்கு அனுப்பத் தலைக்கு இருநூறு பிரித்தோம்,
என்றார் சமையல்காரர்,
அறுபத்துமூன்று பேர்.
எனக்கு முன்பே அவர் கழித்துவிட்டிருந்தார்.

அந்தப் பாயில் ஒருவன் எழுந்து உட்கார்ந்தான்.
பிருந்தாபன். பத்தொன்பது.
எப்போ வந்தே?
இருபத்தெட்டு, மத்தியானம்.
வேற எங்கேயாவது எண்ணினாங்களா?
ரயில்ல இருந்தேன், ரெண்டு நாள்.

தலைமாட்டுச் சுவரில் பென்சில் கணக்கு:
எத்தனை மீட்டர் நெய்தான், எவ்வளவு பாக்கி.
கடைசி வரிக்குக் கீழே
புதியவன் ஒரு வரி தொடங்கியிருந்தான்.
கோடு கிழித்துப் பிரிக்கக்கூட இல்லை.

ஒன்றைக் கழித்து ஒன்றைக் கூட்டினேன்.
அறுபத்துநான்கு.
மேற்பார்வையாளர் புரட்டிப் பார்த்துவிட்டு
மாற்றமே இல்லையே, ஜாக்ருதிபென்,
நல்ல வேலை, என்றார்.

அவர் கவனிக்காதது ஒன்று.
உதயநாத்தை அடிக்கப் பேனாவை வைத்தபோது
மின்சாரம் போய்
எல்லாத் தறியும் நின்றது.
ஏடு முழுக்க
நேராக விழுந்தது
அந்த ஒரு கோடு.