கயிறு சிக்கிய இரவு

நாற்பது நாள் இறைச்சியை விட்டிருந்தோம்.
வலைப்பாட்டில் அதொன்றும் பெரிய தபசில்லை,
மற்ற நாளும் எங்களுக்கு நண்டும் திருக்கையும்தான்.

பாஸ்கா இரவு. விளக்கெல்லாம் நூர்த்தாச்சு.
பீடத்துக்குப் பின்னால் நீலத் திரை,
திரைக்குப் பின்னால் கடுதாசிக் கல்லறை,
அதற்குள் உயிர்த்த ஆண்டவர் காத்துக்கொண்டு நிற்கிறார்,
இடம்பெயர்வில் உடைந்த சுண்டுவிரலுக்குப் பதிலாக
யாரோ சீமெந்தில் செய்து ஒட்டிய
கொஞ்சம் நீளம் கூடின விரலோடு.

மணி அடித்ததும் அவர் எழும்ப வேண்டும்.
ஒரு கப்பி, ஒரு கயிறு,
அருளப்பு அண்ணையும் நாலு பெடியளும்.
கயிறு கோவிலுடையதல்ல,
படகிலிருந்து கழற்றி வந்தது;
சாம்பிராணிக்குள்ளும் அது சூடை மீனாய் மணத்தது.

மணி அடித்தது.
றெமீஜியஸ் சுவாமி பாட்டைத் தொடங்கினார்.
திரை விலகியது.
ஆண்டவர் நெஞ்சுவரை உயிர்த்தார்.
பிறகு நின்றுவிட்டார்.

கப்பி கிறீச்சிட்டது.
பாட்டு மூன்றாம் தரம் முதலடிக்குத் திரும்பியது.
அந்த நீள விரல் மட்டும்
கொஞ்சம் பொறுங்கோ என்பதுபோல ஆடிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் இருட்டுக்குள்ளிருந்து,
கரைவலை இழுத்துப் பழுத்த தொண்டையில்,
தன்னை மறந்து அருளப்பு அண்ணை:
"ஏலேலோ… இழுடா மோனே, ஏலோ!"
நாலு பெடியளும் பழக்கத்தில், "ஏலோ!"
ஆண்டவர் ஒரே உன்னில்
முகட்டுத் தகரத்தில் தலை முட்ட உயிர்த்தார்.
டங்.

கோவில் சிரித்தது.
பிள்ளைகள் வாங்கில் ஏறி நின்று சிரித்தார்கள்.
பெண்டுகள் முக்காட்டைக் கடித்துக்கொண்டு.
டானியல் பொய்க்காலால் நிலத்தைத் தட்டித் தட்டி.
நானும்.
பத்துப் பன்னிரண்டு வருசமாக
எங்கே வைத்தேன் என்றே தெரியாத ஒரு சாமான்
இருட்டில் கைக்குத் தட்டுப்பட்டதுபோல.

வீட்டுக்கு வந்தபிறகு பயம் பிடித்தது.
நிக்சனைத் தேடுகிற தாய்க்கு
இது அடுக்குமோ?

அடுத்த சனி பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன்.
"சுவாமி, கோவிலுக்குள்ள சிரிச்சுப்போட்டன்."
மறுபக்கம் சத்தமில்லை.
பிறகு பலகை மெல்ல ஆடியது. குலுங்கியது.
"நானும்தான் அம்மா," என்றார் மூச்சு வாங்க,
"தூபக் கலசத்தைக் கிட்டப் பிடிச்சுக்கொண்டு,
புகை கண்ணில பட்ட மாதிரி."
"அபராதம் என்ன சுவாமி?"
"ஆரிட்டையாவது போய்ச் சொல்லுங்கோ."

வேதத்தில் ஒரு கிழவி,
இந்த வயதில் பிள்ளையோ என்று
கூடாரத்துக்குள் நின்று சிரித்தாள்.
கேட்டபோது, சிரிக்கேல்லை என்றாள்.
அவளை எனக்குப் பிடிக்கும்.
ஆனால் கூடாரத்தில் சீவித்தவளுக்கு இது தெரியாமல் போச்சே!
நாங்கள் செட்டிகுளத்தில் கிடந்தவர்கள்.
படங்குக்கு இந்தப் பக்கம் தும்மினால்
அந்தப் பக்கத்து ஆள் ஆயுசு நூறு என்பார்.
கடவுளுக்கா கேளாது?

செவ்வாய்க்கிழமை கிளிநொச்சிக்குப் பஸ் எடுத்தேன்.
வீதியோரக் கொட்டகை,
நாட்களை அழித்தழித்து எழுதுகிற பலகை.
என் பாயில் இராசமலர்:
முறிகண்டியில் இறங்கிக் கற்பூரம் கொளுத்தாமல்
எந்தப் பயணமும் போகாதவள்,
இரண்டு பேரைத் தேடுகிறவள்.
அவளிடம் கயிற்றின் கதையைச் சொன்னேன்.
டங் என்ற இடத்தில்
வெற்றிலையைத் துப்பிவிட்டு வயிற்றைப் பிடித்தாள்.
"பாவமடி உங்கட சாமி,
சாவுக்குள்ளால வந்தும் மண்டையில அடியோ?"
சிரிப்பு பாய்க்குப் பாய் போனது.

எதிர்ப்பக்கம், மோட்டார்சைக்கிளில் சாய்ந்து
தினமும் எங்களை எண்ணுகிற தம்பி
போனை உயர்த்திப் படம் எடுத்தான்.
கொப்பியில் ஏதோ எழுதினான்.
வெட்டினான்.
எங்களையே பார்த்துக்கொண்டு நின்றான்.

பின்னேர பஸ்ஸில் பூநகரி வரைக்கும் அழுதேன்.
அதையும் சொல்லவேணும்,
இல்லாவிட்டால் கதை பொய்.
கண்டக்டர் மிச்சக் காசைத் தந்தான்.
ஒன்றும் கேட்கவில்லை.