எடைமேடை

பாகாவ் செம்பனை ஆலையின் எடைமேடைக்கு
நிரல் எழுதியவள் நான்.
முதல் பதிப்பில் ‘எடை’ திறந்தே கிடந்தது,
பூட்ட மறந்த கொல்லைக் கதவாக.
யார் வேண்டுமானாலும் நேரே வந்து
ஓர் எண்ணை வைத்துவிட்டுப் போகலாம்.

ஒரு செவ்வாய்க்கிழமை
மைனஸ் முந்நூறு கிலோ என்று
சீட்டு வாங்கிக்கொண்டு போனது ஒரு லோரி.
ஏற்றிய குலைகளே
லோரியைத் தூக்கிப் பறந்த கணக்கு.
நான் சிரித்தேன். கிராணி அமிர்தவல்லி சிரிக்கவில்லை.
“இது என் சம்பளத்துல கழியும்” என்றாள்.

அன்றிரவே எடையை உள்ளே தள்ளிச் சாத்தினேன்.
செட்டர் என்று ஒரு வாசல்.
சுழியத்துக்குக் கீழா, திரும்பிப் போ.
வண்டி தாங்காத பாரமா, நீயும்தான்.
கெட்டர் என்று ஒரு ஜன்னல்.
பார்க்கலாம், கை நுழையாது.

மாதக் கடைசியில் மேனேஜர் கூப்பிட்டார்.
ஜன்னலில் ஒரு வரி, ஒரே ஒரு வரி:
பழுக்காத குலைக்கென்று நூற்றுக்கு இரண்டு
குறைத்துக் காட்ட வேண்டும், எல்லாருக்கும்.
“உள்ள இருக்கிறது அப்படியே இருக்கட்டும்மா.
யாரு பார்க்கப் போறா?”

யாரும் பார்க்க முடியாதுதான்.
பூட்டியது நான்.

கண்ணாடிக்கு வெளியே ஜமாலுடின்
இன்ஜினை அணைத்துவிட்டுச்
சீட்டுக்குக் காத்திருந்தான்.
கெட்டரைத் திறந்தேன்.
நேற்றிருந்த அதே வரி:
உள்ளதைக் கொடு.
அதன் கீழே துடித்துக்கொண்டிருந்தது கர்சர்.

எதுவும் எழுதாமல் மூடினேன்.
சீட்டு வந்தது, கிலோ குறையாமல்.
மேனேஜரின் அழைப்பு
இரண்டு முறை அடித்து ஓய்ந்திருக்கிறது.