பாதி கிளாஸ்

ஐப்பசி மழை கருங்கல் சந்தையைக்
கழுவிவிட்டுப் போன இரவு.
கரண்டு இல்லை.
பன்னிரண்டாம் வகுப்பு விடைத்தாள் நாற்பத்தொன்று
திருத்தாமல் கிடக்க
நான் ஒரு கண்ணாடி கிளாசைத் திருத்திக்கொண்டிருந்தேன்.

ஜெரால்டு குடிக்கிற கிளாஸ்.
அடியில் ஒடுங்கி, வாயில் கொஞ்சம் மலர்ந்தது.
பெட்டியில் நூற்றைம்பது மில்லி என்று போட்டிருந்தது.
பாதி என்றால் எழுபத்தைந்து.
ஒரு நாளைக்கு ஆறு பாதி.
சாயா, மாத்திரைக்கு வெள்ளம், எல்லாம் அதற்குள்.
எட்டு மாதமாக டைரியில் கோடு போடுகிறேன்,
கோடு ஒன்றுக்கு எழுபத்தைந்து.

குளச்சலில் வள்ளத்து எஞ்சினைப் பிரித்துப் போட்ட கை
இப்போது செவ்வாயும் வெள்ளியும்
ஆசாரிப்பள்ளத்தில் ஊசிக்கு நீண்டு கிடக்கும்.
இளநீர் ஆகாது. ஏத்தன்பழம் ஆகாது.
எட்டின பக்கமெல்லாம் குளமும் கடலுமான ஊரில்
ஒரு மனுசன் ஐஸ்கட்டியைக்
கன்னத்தில் ஒதுக்கி வைத்து உறங்குகிறான்.
"நல்ல கட்டுப்பாடு" என்றாள் நர்ஸ், எடை பார்த்துவிட்டு.
எனக்குப் பெருமையாக இருந்தது,
பரிசு வாங்கின பிள்ளையின் அம்மா மாதிரி.

இன்றைக்கு வகுப்பில் சுழற்சித் திண்மத்தின் கன அளவு.
பின்பெஞ்சு அபிஷா கேட்டாள்:
"டீச்சர், உயரத்துல பாதி வந்தா
வெள்ளத்துலயும் பாதிதானே?"
இல்லை என்றேன். கரும்பலகையில் நிரூபித்தும் காட்டினேன்.
அப்புறம் சாக்பீசைக் கீழே வைக்க மறந்து
பஸ் ஸ்டாப் வரை கையிலேயே கொண்டுவந்துவிட்டேன்.

தையல் நூலை கிளாசைச் சுற்றிப் பிடித்தேன். வழுக்கிற்று.
எச்சில் தொட்டு ஒட்டி, ஸ்கேலில் நீட்டி,
சென்டிமீட்டருக்கு ஒருதரம், ஒன்பது தரம்.
இரண்டு பையால் வகுத்து
கண்ணாடியின் கனம் இரண்டு மில்லிமீட்டர் கழித்தேன்;
அளப்பது வெளியே,
வெள்ளம் இருப்பது உள்ளே அல்லவா.
ஆரம் வந்தது: இரண்டு கூட்டல்
உயரத்தின் வர்க்கத்தில் ஐம்பதில் ஒரு பங்கு.
அதை வர்க்கமாக்கி, பையால் பெருக்கி,
சுழியிலிருந்து எட்டு வரை தொகையிட்டால்
நூற்றைம்பத்திரண்டு.
பெட்டி பொய் சொல்லவில்லை.

சுழியிலிருந்து நான்கு வரை,
ஐம்பத்தாறு.

மறுபடி போட்டேன். ஐம்பத்தாறு.
இருமல் மருந்தின் மூடியால் ஊற்றிப் பார்த்தேன்,
ஐந்தைந்தாக.
பதினொரு மூடி. பன்னிரண்டாவதின் அடி நனைந்தது.
இதை எட்டு மாதம் முன்பே செய்திருக்கலாம்.

பாதிக்குப் பத்தொன்பது குறைவு.
ஆறு பாதிக்கு நூற்றுப் பதினாலு.
என்றால், தினமும் இரண்டு பாதியை
கணக்கில் கொடுத்துவிட்டு
கையில் கொடுக்காமல் இருந்திருக்கிறேன்.
எட்டு மாதத்தால் பெருக்கவில்லை.

எழுபத்தைந்துக்கு மேல் எல்லை எங்கே என்று மட்டும் தேடினேன்.
ஐந்துக்கு ஒரு மயிரிழை மேலே.
நெயில்பாலிஷால் அங்கே ஒரு சிவப்புக் கோடு.
அது காய்வதற்குள் கரண்டு வந்தது,
அவரும் எழுந்து வந்தார்.

கோடு வரை ஊற்றிக் கொடுத்தேன்.
"கூடிப்போச்சே, டீச்சரே" என்றார், வாங்காமல்.
"கூடல்ல. இதுதான் எழுபத்தஞ்சு."
"அப்போ இதுவரைக்கும்?"

நான் விடைத்தாள் கட்டை என் பக்கம் இழுத்தேன்.

அவர் உடனே குடிக்கவில்லை.
மேசைமேல் வைத்து கிளாசை மெல்லச் சுழற்றினார்,
புத்தகத்தில் உள்ளபடியே, அதன் அச்சைப் பற்றி,
நான் நூல் ஒட்டின இடத்தின் கறை
ஒரு சுற்றுப் போய்
அவர் முகத்துக்கு நேரே வந்து நிற்கும் வரை.